‘சும்மா ஒரு கையெழுத்துதானே!’ - ஏசி கான்ட்ராக்ட்டுக்கு ஜாமீன் போடும் முன்...

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் சாலையில் இருக்கிறது கீரப்பாளையம். அங்கே சின்னதாக ஒரு ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. வாசலில் பிரித்துப் போட்ட அவுட்டோர் யூனிட், சுருட்டி வைத்த காப்பர் பைப், கேஸ் சிலிண்டர், சுவரோரம் ஓர் ஏணி. கடைக்காரருக்குத் தொழிலில் நல்ல பெயர். சித்திரை, வைகாசியில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி வந்தால் போனும் தூங்கும், கல்லாவும் தூங்கும்.

‘வருஷம் முழுக்க வேலை வேண்டும்’ என்று அவர் டெண்டர் பக்கம் திரும்பினார். சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு ஏசி மாட்டி, ஒரு வருடம் பராமரிக்கும் வேலை. மதிப்பு 20 லட்சம் ரூபாய். கிடைத்தேவிட்டது. வீட்டில் பாயசம்.

பாயசம் ஆறுவதற்குள் அடுத்த காகிதம் வந்தது. வேலையைச் சரியாக முடிப்பதற்கு உத்தரவாதமாக 5 சதவிகிதம், அதாவது 1 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். அதோடு ஏசிகளை வாங்க 7 லட்சம் கடனும் வேண்டும். வங்கிக்குப் போனார். ஒரு ஜாமீன்தாரரைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கும் மனைவியின் அண்ணனுக்கு வீராணம் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கினார்கள்.

“சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான். ஒரு லட்ச ரூபா கேரண்டிக்கு ஆள் கேட்கிறாங்க” என்றார் கடைக்காரர்.

“அதுக்கென்ன மாப்ள, போட்டுட்டா போச்சு” என்று பேனாவைத் தேடினார் அண்ணன்.

கல்லூரியில் படிக்கும் அவர் மகள் படிவத்தை வாங்கிப் புரட்டினாள். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

“மாமா, ஒரு லட்சம்னு சொன்னீங்க. இதுல எட்டு லட்சம்னு போட்டிருக்கே?”

கூடம் அமைதியானது.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் அந்தப் படிவமும், அதன் பின்னால் இருக்கும் சட்டமும் நிஜம். ஏசி கான்ட்ராக்ட் என்று இல்லை. கட்டட வேலை, வயரிங், தண்ணீர்க் குழாய் என எந்த ஒப்பந்த வேலைக்கும் இதே கதைதான். அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வந்தது? கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? போடாமல் மாப்பிள்ளைக்கு உதவ வழி இல்லையா?

எதற்கு இந்த உத்தரவாதம்?

வேலை கொடுப்பவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம்தான். குறைந்த விலை சொல்லி டெண்டரை எடுத்துவிட்டு, பாதியில் ஓடிப்போனால்? மாட்டிய ஏசி ஒரு மாதத்தில் கேஸ் லீக் ஆகி நின்றால்? மறுபடி டெண்டர் விட வேண்டும், கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள்.

இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலாவது, டெண்டர் போடும்போதே கட்டும் முன்வைப்புத் தொகை. ‘ஈ.எம்.டி’ என்றால் கான்ட்ராக்டர்களுக்கு உடனே புரியும். டெண்டர் கிடைக்காதவர்களுக்கு இது திரும்பிவிடும். கிடைத்த பிறகு ‘எனக்கு வேண்டாம்’ என்று பின்வாங்குபவர் இதை இழப்பார். இரண்டாவது, வேலை கிடைத்த பிறகு கொடுக்கும் காப்புத் தொகை. ஒப்பந்தப்படி வேலையை முடிப்பதற்கான பிணை அது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ன்படி, முன்வைப்புத் தொகை பொதுவாக 2 முதல் 5 சதவிகிதம் வரை. காப்புத் தொகை, கான்ட்ராக்டரின் எல்லாக் கடமைகளும் (உத்தரவாதக் காலம் உட்பட) முடிந்து 60 நாள்கள் வரை செல்லுபடியாக இருக்க வேண்டும். தமிழக அரசின் டெண்டர்களுக்கு 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. எந்த டெண்டராக இருந்தாலும், சதவிகிதம் எவ்வளவு, எத்தனை மாதம், எந்த வடிவில் கட்டலாம் என்பதெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே இருக்கும். விலையைக் கணக்குப் போடும் முன் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். பலர் கடைசியாகப் படிப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

ஜாமீனில் எப்போதும் மூன்று பேர்

‘ஜாமீன்’ என்றதும் நமக்குப் போலீஸ், கோர்ட் ஞாபகம்தான் வரும். பண விஷயத்தில் ஜாமீன் என்பது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 126-வது பிரிவு மூன்று பேரைச் சொல்கிறது. கடமைப்பட்டவர் ஒருவர். அந்தக் கடமை யாருக்குச் சேர வேண்டுமோ அவர் இன்னொருவர். ‘அவன் செய்யவில்லை என்றால் நான் பொறுப்பு’ என்று சொல்பவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர்தான் ஜாமீன்தாரர். தமிழில் பிணையாளி. பழைய தமிழில் பிணைக்குப் ‘புணை’ என்றும் பெயர். அதே சொல்லுக்குத் தெப்பம் என்ற பொருளும் உண்டு.

கீரப்பாளையம் கதையில் இரண்டு ஜாமீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

முதல் ஜாமீனில் கடமைப்பட்டவர் கடைக்காரர். வேலை கொடுத்தது அரசு அலுவலகம். ஜாமீன்தாரர் வங்கி. இதுதான் 1 லட்ச ரூபாய் வங்கி உத்தரவாதம்.

இரண்டாவது ஜாமீனில் வங்கி இடம் மாறி உட்காருகிறது. ‘நாளைக்கு அலுவலகத்துக்கு நாங்கள் பணம் கட்டினால், அதை யார் எங்களுக்குத் தருவார்?’ என்று கேட்கிறது. கடைக்காரர்தான் தர வேண்டும். அவர் தராவிட்டால்? அங்கேதான் மச்சான் வருகிறார்.

அரசு அலுவலகத்துக்கு மச்சான் யாரென்றே தெரியாது. ஆனால் மாட்டிய ஏசிக்கு ஏதாவது ஆனால், சுற்றிவளைத்து அந்தப் பாரம் வந்து இறங்குவது வீராணம் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் மேல்தான்.

வங்கி உத்தரவாதம் எப்படி வேலை செய்கிறது?

சிறிய கான்ட்ராக்டர் வங்கி உத்தரவாதம் கேட்டால், வங்கி முதலில் கேட்பது ஃபிக்ஸட் டெபாசிட். உத்தரவாதத் தொகையில் ஒரு பகுதியை மார்ஜினாகக் கேட்கலாம். கடன் வரலாறு இல்லாத புதியவர் என்றால் முழுத் தொகையையும் கேட்கலாம். அந்த டெபாசிட்டின் மீது வங்கி உரிமை பதிந்துவிடும். வட்டி வளரும், ஆனால், உத்தரவாதம் முடியும் வரை எடுக்க முடியாது. இதுபோக வங்கிக்குக் கமிஷன், முத்திரைத்தாள் செலவு. டெண்டரில் விலை போடும்போதே இதையெல்லாம் சேர்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட உத்தரவாதங்கள் பெரும்பாலும் ‘கேட்டவுடன், நிபந்தனையின்றி’ பணம் தரும் வகையில் எழுதப்படுகின்றன. ‘ஏசி கெட்டது என் தப்பில்லை, உங்கள் கட்டடத்தில் வோல்டேஜ் தாறுமாறாக இருந்தது’ என்று கடைக்காரர் வாதாடலாம். அந்த வாதம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால், அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது வங்கியின் வேலை இல்லை. உத்தரவாதத்தில் சொன்னபடி கோரிக்கை வந்தால் வங்கி பணம் கட்டிவிடும்.

கோர்ட்டில் தடை வாங்கலாமே என்றால், அதுவும் சுலபமில்லை. உத்தரப்பிரதேசக் கூட்டுறவு சம்மேளனம், வனஸ்பதி ஆலை கட்டும் பணி தொடர்பாக சிங் கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்துடன் நடத்திய வழக்கில், 1987-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்பட்டமான மோசடி, சரிசெய்யவே முடியாத அநீதி போன்ற விதிவிலக்கான நிலைமைகளில்தான் வங்கி உத்தரவாதத்தை நீதிமன்றம் நிறுத்திவைக்கும். மற்றபடி, முதலில் பணம் போகும், சண்டை பிறகு.

எனவே, ஏசி மெக்கானிக்குகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலை தொடங்கும் முன் அந்தக் கட்டடத்தின் வோல்டேஜ், எர்த், வயரின் கனம் எல்லாவற்றையும் அளந்து எழுதி, அலுவலகத்தில் ஒப்புகை வாங்குவது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஏசியும் ஓடுவதைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. தகராறு வரும் நாளில், அடுக்கி வைத்த அந்தக் காகிதங்கள்தான் கடைக்காரருக்காகப் பேசும்.

அமெரிக்காவில் மெக்கானிக்கே பாண்ட் கட்ட வேண்டும்!

அமெரிக்காவின் பல மாநிலங்களில், டெண்டர் வேலை என்றில்லை, வீட்டுக்கு ஏசி மாட்டும் கான்ட்ராக்டரும் லைசென்ஸ் வாங்க ஒரு ஜாமீன் பத்திரம் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் ஹீட்டர், ஏசி தொழிலுக்கு ‘சி-20’ என்று தனி லைசென்ஸ் பிரிவே இருக்கிறது. (அங்கே சூட்டுக்கும் எந்திரம் வேண்டும். நமக்கு அதைச் சூரியனே இலவசமாகத் தருகிறது!) அந்த லைசென்ஸுக்கான பாண்ட் தொகை 15,000 டாலராக இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் 25,000 டாலர்.

கான்ட்ராக்டர் அவ்வளவு பணத்தையும் கட்டுவதில்லை. ஒரு ஜாமீன் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் செலுத்துவார். அவர் சட்டத்தை மீறி வீட்டுக்காரருக்கு நஷ்டம் வைத்தால், வீட்டுக்காரர் அந்த பாண்டின் மீது இழப்பீடு கேட்கலாம்.

‘அட, இன்ஷூரன்ஸ் மாதிரி!’ என்று தோன்றும். இல்லை. இன்ஷூரன்ஸில் பிரீமியம் கட்டியவரின் நஷ்டத்தை நிறுவனம் ஏற்கும். இங்கே கட்டணம் கட்டுபவர் கான்ட்ராக்டர், பாதுகாப்பு கிடைப்பதோ அவரிடம் வேலை கொடுத்தவருக்கு. ஜாமீன் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே கான்ட்ராக்டரிடம் ‘எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று வந்து நிற்கும்.

இந்த முறை இப்போது நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் ஜாமீன் பத்திரம் தருவதற்கான வழிகாட்டுதல்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ வெளியிட்டது. அவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அரசுக் கொள்முதலில் வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலாக இதையும் ஏற்கலாம் என்று மத்திய அரசு அதே ஆண்டு விதிகளைத் திருத்தியது. நாட்டின் முதல் ஜாமீன் காப்பீட்டுத் திட்டத்தை பஜாஜ் அலையன்ஸ் நிறுவனத்துக்காக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2022 டிசம்பர் 19-ல் தொடங்கிவைத்தார்.

டெபாசிட்டில் பணம் முடங்காது என்பது இதன் லாபம். ஆனால், காப்பீட்டு நிறுவனமும் கான்ட்ராக்டரின் கணக்குவழக்கு, அனுபவம், திருப்பிக் கட்டும் சக்தி எல்லாவற்றையும் பார்க்கும். இது முதலில் நெடுஞ்சாலை போன்ற பெரிய வேலைகளை மனதில் வைத்து வந்த திட்டம். டெண்டர் ஆவணத்தில் ‘காப்பீட்டு ஜாமீன் பத்திரம் ஏற்கப்படும்’ என்று இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம்.

வங்கி தந்தாலும் காப்பீட்டு நிறுவனம் தந்தாலும் ஒரு விஷயம் மாறாது. வேலை கெட்டால், கடைசியில் பணம் கட்ட வேண்டியவர் கான்ட்ராக்டர். அவருக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டவர் இருந்தால், அவரும்.

கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

இப்போது கூடத்தில் இருக்கும் அந்தப் படிவத்துக்கு வருவோம்.

‘முதலில் மாப்பிள்ளையிடம் கேட்பார்கள், அவர் சொத்தை விற்பார்கள், அதற்கும் மேல் பாக்கி இருந்தால்தான் என்னிடம் வருவார்கள்’ என்று பல ஜாமீன்தாரர்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு. கடனாளியிடம் எல்லா வழியையும் முயன்று பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று, பீகார் வங்கி தொடர்ந்த வழக்கில் 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாமீன்தாரர் வரிசையில் இரண்டாவது ஆள் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆள்.

சரி, எட்டு லட்சம் எப்படி வந்தது? 1 லட்சம் வங்கி உத்தரவாதம், 7 லட்சம் கடன். இரண்டையும் சேர்த்து ஒரே ஜாமீன் படிவமாக வங்கி தயாரித்திருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உத்தரவாதத்துக்குத்தான் ஆள் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். படிவத்தை அவரும் படிக்கவில்லை.

மகள் இன்னொரு வார்த்தையையும் கண்டுபிடித்தாள். ‘தொடர் உத்தரவாதம்’. சட்டத்தின் 129-வது பிரிவில் இருக்கும் சொல் இது. ஒரு கடனுக்கு, ஒரு முறைக்கு என்று நிற்காமல், தொடர்ந்து நடக்கும் வரவுசெலவுக்கெல்லாம் பொறுப்பேற்பது. மாப்பிள்ளை இந்த வேலையை முடித்து, அடுத்த வருடம் அதே கணக்கில் வேறு வேலைக்குப் பணம் எடுத்தாலும் மச்சானின் கையெழுத்து உயிரோடு இருக்கும்.

இதிலிருந்து வெளியே வர வழி உண்டு. இனி நடக்கப்போகும் பரிவர்த்தனைகளுக்கு நான் பொறுப்பில்லை என்று வங்கிக்கு நோட்டீஸ் கொடுக்கலாம் (பிரிவு 130). ஆனால், அதுவரை ஏறிய பாக்கிக்குப் பொறுப்பு போகாது. ஜாமீன்தாரர் இறந்துவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை, தொடர் உத்தரவாதம் அதற்குப் பிறகான பரிவர்த்தனைகளுக்கு முடிந்துவிடும் (பிரிவு 131). அதற்கு முந்தைய பாக்கி, அவர் விட்டுச்செல்லும் சொத்தைத் தொடரும்.

ஜாமீன்தாரருக்கு உரிமைகளே இல்லையா? இருக்கின்றன. அவருக்குத் தெரியாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அதன் பிறகு நடந்தவற்றுக்கு அவர் பொறுப்பிலிருந்து விடுபடலாம் (பிரிவு 133). முக்கியமான விஷயத்தை மறைத்தோ, பொய் சொல்லியோ வங்கி கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த ஜாமீன் செல்லாது (பிரிவுகள் 142, 143). பணம் கட்டிவிட்டால், கடனாளியிடம் அதைத் திரும்பக் கேட்கலாம் (பிரிவு 145). இரண்டு பேர் ஜாமீன் போட்டிருந்தால் பாரத்தைச் சமமாகப் பங்கிடச் சொல்லலாம் (பிரிவு 146).

ஆனால் எச்சரிக்கை... வங்கிகளின் அச்சடித்த படிவங்களில், இவற்றில் சில உரிமைகளை ‘நான் கோர மாட்டேன்’ என்று விட்டுக்கொடுக்கும் வரிகள் பெரும்பாலும் இருக்கும். பொடி எழுத்துக்கு நடுவே அந்த வரிகளைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜாமீன் போட்ட கடன், உங்கள் கடன் வரலாற்று அறிக்கையிலும் ஏறும். கடன் தவணை தவறினால், பாதிப்பு உங்களுக்கும் வரும். மகளின் படிப்புக் கடனுக்கு அப்பா வங்கிக்குப் போகும் நாளில், மாப்பிள்ளையின் ஏசி கடன் முன்னால் வந்து நிற்கலாம்.

ஜாமீன் போடும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. மொத்தத் தொகை எவ்வளவு? வாயால் சொன்னது வேண்டாம். படிவத்தில் எண்ணிலும் எழுத்திலும் என்ன இருக்கிறது?

2. ஒரு கடனுக்கு மட்டுமா, தொடர் உத்தரவாதமா?

3. வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு ஆகியவையும் அந்தத் தொகைக்குள் அடக்கமா, அதற்கு மேலா?

4. எந்தத் தேதியோடு முடியும்?

5. கையெழுத்து மட்டுமா, பத்திரத்தையும் கொடுக்க வேண்டுமா? பத்திரத்தைக் கொடுத்தால் அது அடமானம். அதன் கனம் வேறு.

6. நாளை மாப்பிள்ளையால் முடியாவிட்டால், இந்தத் தொகையைக் கட்டிவிட்டு என் குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், முதல் ஐந்துக்கும் என்ன பதில் வந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம். கையெழுத்துப் போட்டால், முழுப் படிவத்தின் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும் கட்டங்களில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொந்தக்காரர் இல்லாமல் கடன் கிடைக்காதா?

கிடைக்க வழி உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்திலும் சிறு தொழில்களுக்குப் பிணையில்லாத கடன் உண்டு. 2000-ம் ஆண்டிலிருந்து இயங்கும் குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை, சொத்துப் பிணையும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் வங்கி கொடுக்கும் கடனுக்குத் தானே உத்தரவாதம் தருகிறது. அதற்கு ஒரு கட்டணம் உண்டு. கவனிக்க, அங்கேயும் கடனாளியின் பொறுப்பு போய்விடாது. அறக்கட்டளை வங்கிக்குக் கொடுத்தாலும், கடன் கடன்தான்.

இதற்கெல்லாம் முதல் படி உத்யம் பதிவு. இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதற்கு வேறு பயன்களும் உண்டு. மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்களின் டெண்டர்களில், தகுதியுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு கிடைக்கும். வாங்கி விற்கும் வியாபாரத்துக்கும் சில வகை ஒப்பந்தப் பணிகளுக்கும் இது பொருந்தாமல் போகலாம். டெண்டர் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். வேலையை ஏற்ற பிறகு 45 நாள்களுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், குறு, சிறு நிறுவனங்கள் வட்டி கேட்கவும் 2006-ம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது.

நம் வீட்டு ஏசிக்கு யார் ஜாமீன்?

இதுவரை பேசியது டெண்டர் வேலை. உங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஏசி மாட்டும் மெக்கானிக், கலிஃபோர்னியாவில் உள்ளதுபோல பாண்ட் கட்ட வேண்டும் என்ற சட்டம் நம் ஊரில் இல்லை. அதனால், அரசு அலுவலகம் செய்வதையே நீங்களும் சிறிய அளவில் செய்யலாம்.

வேலை முடியும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கூலியில் ஒரு சிறு பகுதியை, ஏசி சில நாள்கள் ஓடிய பிறகு தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் பிடித்தால் அது சண்டை. முன்பே பேசினால் அது ஒப்பந்தம். என்ன பைப், எத்தனை அடி, என்ன ஸ்டாண்டு, எத்தனை மாதம் சர்வீஸ் என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். கேஸ் திறக்கும் முன் வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றை எடுத்தாரா, பைப் இணைப்புகளில் சோப்பு நுரை வைத்து லீக் பார்த்தாரா, தண்ணீர் வடியும் குழாய் சரிவாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டைச் சீக்கிரம் அரிக்கும். அங்கே துருப்பிடிக்காத ஸ்டாண்டும், அடிக்கடி சுத்தம் செய்வதும் அவசியம்.

பில் வாங்குங்கள். ‘பில் போட்டால் விலை கூடும்’ என்பார்கள். ஆனால், பிரச்னை வந்தால் உங்களுக்காகச் சாட்சி சொல்வது அதுதான். மெக்கானிக்கோ நிறுவனமோ கைவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

பேனா திரும்பப் பைக்குள் போனது

காட்டுமன்னார்கோவில் வீட்டுக் கூடத்தில் முதலில் பேசியது கடைக்காரரின் மனைவிதான்.

“அண்ணே, எங்களுக்கே இது தெரியாது. நீ கையெழுத்துப் போட வேணாம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த முகத்தோட பொங்கலுக்கு இங்க வருவேன்?”

கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. ‘நம்மை நம்பவில்லையோ’ என்ற எண்ணம். அதை மாற்றியது மச்சான்தான்.

“உன்னை நம்பாம இல்ல மாப்ள. நீ நல்லாதான் வேலை செய்வே. உன் கையில இல்லாதது எவ்வளவோ இருக்கே. பில் பாஸாகாம ஆறு மாசம் இழுத்தா என்ன பண்ணுவே?”

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் கணக்கை வேறு விதமாகப் போட்டார்கள். உத்யம் பதிவு செய்தார்கள். 7 லட்சம் கடனை, மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாத திட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பித்தார்கள். 1 லட்சம் வங்கி உத்தரவாதத்தை அதிலிருந்து பிரித்தார்கள். அதற்கு முழு டெபாசிட் வைக்க வேண்டியிருந்தது. கையில் 40,000 இருந்தது. மீதி 60,000-க்கு மனைவியின் இரண்டு வளையல்கள் நகைக்கடனுக்குப் போயின.

வளையல் போவது சின்ன விஷயம் இல்லை. ஆனால், லாபம் எந்த வீட்டுக்கு வருமோ அந்த வீட்டின் வளையல் அது. எவ்வளவு போனது, எப்போது மீட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மச்சானும் சும்மா இருக்கவில்லை. நெல் விற்ற பணத்தில் 20,000 ரூபாயைத் தங்கையிடம் கொடுத்தார். “இது கடன் இல்ல, ஜாமீனும் இல்ல. வரும்போது குடு” என்றார். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைத்தான் கொடுத்தார்.

ஏசி மாட்டும் வேலை முடிந்து, பராமரிப்புக் காலமும் முடிந்தால், கடைக்காரர் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. உத்தரவாதப் பத்திரத்தை அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கி, வங்கியில் கொடுத்து ரத்து செய்ய வேண்டும். அப்போதுதான் டெபாசிட் மீதான பிடி விலகும். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் நேராகப் போக வேண்டிய இடம் நகைக்கடன் கவுன்ட்டர்.

சொந்தக்காரருக்கு உதவ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தெப்பமாக நிற்பது நல்ல குணம்தான். எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ‘சும்மா ஒரு கையெழுத்துதானே’ என்று யாராவது நீட்டினால், பேனாவைத் தேடும் முன் கண்ணாடியைத் தேடுங்கள். மூன்றாவது பக்கத்தையும் படித்துவிடுங்கள்!